ரூத்தம்மா எழுந்திருக்காத பந்தி

ஜெபராஜுக்கும் எப்சிக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் சண்டை போடுவீர்கள்.

போன கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெபராஜ், நீ இப்போது போகும் சபையில் திருநங்கைகளைப் பற்றியும், ஆணோடு ஆண் சேர்ந்து வாழ்வதைப் பற்றியும் பாஸ்டர் பேசியதை வந்து சொன்னாய். "வேதத்தை நம்ம இஷ்டத்துக்கு வளைக்க முடியாதுப்பா" என்றாய். எப்சி, நீ ஆஸ்பத்திரி வார்டில் பார்த்த மனுஷர்களைப் பற்றிச் சொன்னாய். "அவங்கள்ல ஒருத்தர் கையையாவது நீ தொட்டிருக்கியாண்ணா?" என்று கேட்டாய். உங்கள் அம்மா செய்த பிரியாணி ஆறிப்போனது. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கப்பா, ஆயுசு முச்சூடும் கோயில்லதானே இருந்தீங்க" என்றீர்கள். நான் எழுந்து போய்க் கை கழுவினேன். பதில் தெரியாமல் இல்லை. அது மேசையில் உட்கார்ந்து சொல்லி முடிகிற பதில் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. கோயில் வேலையில் என் இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர் போன வாரம் என்னிடம், "அண்ணா, பழைய ஆளுங்க வரிசை விடறதுன்னு சொல்றாங்களே, அது என்னங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது குடும்பம் குடும்பமாகக் கலந்து உட்காருகிறார்கள். திருவிருந்து அன்று அப்பமும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சரசமும் தட்டில் வைத்து உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. யாரும் யாரையும் வரிசையில் விட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் என் வேலையில் பாதி அதுதான். நான் சொல்லப்போகிற விஷயமும் அந்த வரிசையில்தான் நடந்தது.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. கொஞ்ச நாள் மில் கேன்டீனில் தட்டுக் கழுவினேன். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் மாற்றினேன். பிறகு எங்கள் சபையில் ஆள் வேண்டும் என்று கேட்டு வந்து சேர்ந்தேன். சம்பளச் சீட்டில் 'ஆலயப் பணியாளர்'. ஜனங்கள் வாயில் 'மணியடிக்கிற தங்கராசு'. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு மழைக்காலத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மணிக்கயிற்றை இழுப்பதைவிட அதை விடுவதுதான் கஷ்டம் என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது.

நான் சேர்ந்த சில வருஷங்களில் ஆயர் ஞானமுத்து வந்தார். வால்பாறை எஸ்டேட் சபைகளில் வெகு காலம் இருந்தவர். அங்கே பஸ் வராவிட்டால் நடந்தே அடுத்த லைன் வீடுகளுக்குப் போய்ப் பழகியவர். அதனால் கோயம்புத்தூர்த் தார் ரோட்டிலும் எதன்மேலோ ஏறுகிறவர் மாதிரி முன்னால் சாய்ந்துதான் நடப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் ஏதாவது தப்புச் செய்தால், "என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லு" என்பார். நான் சொல்லிக்கொண்டே வருவேன். பாதி வழியில் தப்பு எங்கே என்று எனக்கே தெரிந்துவிடும். வாய் நின்றுபோகும். "சரி, டீ குடிச்சியா?" என்பார். அதோடு முடிந்தது.

வெள்ளிக் கிண்ணம் கறுத்துப்போனபோது, விபூதி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று வரும் என்று பாத்திரக்கடைக்காரர் சொன்னார். திருவிருந்துப் பாத்திரத்துக்கு விபூதியா என்று எனக்குப் பயம். ஆயரைக் கேட்டேன். "துலங்குமா?" என்றார். "துலங்கும்னு சொல்றாருங்கய்யா." "அப்ப வாங்கு." அப்படிப்பட்ட மனுஷர். ஆனால் சபைக்குள் சண்டை என்றால் மட்டும் முடிவை அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளுவார். இதையும் எழுதத்தான் வேண்டும். அவரைப் பரிசுத்தவான் ஆக்குவதற்கு நான் இதை எழுதவில்லை.

இனி வரிசை. கோயிலுக்குள் நுழைந்தால் வலது கைப்பக்கம் ஆண்கள், இடது கைப்பக்கம் பெண்கள். மாசத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் மரக்கிராதி. அதன் ஓரமாக முழங்கால் போட எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேர் ஒரு பந்தி. ஆயர் அப்பத்தோடும் கிண்ணத்தோடும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவார். எல்லாருக்கும் கொடுத்து, சமாதானத்தோடே போங்கள் என்று சொன்னதும் அந்தப் பந்தி எழுந்திருக்கும். படிக்குக் கீழே நான் நிற்பேன். எந்தப் பெஞ்சுக்கு நேராக உள்ளங்கையை மேலே திருப்புகிறேனோ அந்தப் பெஞ்சு எழுந்து வரும். உள்ளங்கை கீழே இருந்தால் யாரும் அசைய மாட்டார்கள். முதலில் ஆண்கள், கடைசி ஆள்வரை. அதற்குப் பிறகு பெண்கள். மில் முதலாளியாக இருந்தாலும், முறுக்கு விற்கிற அம்மாவாக இருந்தாலும் என் கை திரும்ப வேண்டும்.

அந்தக் கையை நான் விளையாட்டாக வைத்துக்கொண்டது கிடையாது. ஒரே ஒரு தடவை கொஞ்சம் வேலை செய்தேன். அண்ணன் தம்பி இருவர், தோட்டத்துக் கிணற்றுக்காகக் கோர்ட்டில் நின்றவர்கள். ஒரே பந்தியில் முழங்கால் போடக்கூடாது என்று ஒருவர் முன்பெஞ்சிலும் ஒருவர் கடைசிப் பெஞ்சிலும் உட்காருவார்கள். ஒரு ஞாயிறு முன்பெஞ்சுக்குக் காட்டிய கையோடு கடைசிப் பெஞ்சுக்கும் காட்டிவிட்டேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு முழங்கால் போட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது: "கெணத்தைப் பத்தி கோர்ட்டுல பேசிக்கலாம். இந்த இருமலுக்கு மாத்திரை சாப்புடறியாடா இல்லியா?"

தொண்ணூறுகளின் நடுவில், மில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு சாத்திக்கொண்டிருந்த சமயம். எங்கள் சபையில் ரூத்தம்மா என்று ஒருவர். மில்லில் நூல் சுற்றி வேலை பார்த்தவர், கண்டிப்பான பெண்மணி. வீட்டுக்காரர் அப்போதுதான் இறந்திருந்தார். ஒரே மகன் ஸ்டீபன். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் படித்து, திருவிருந்து எடுக்கத் திடப்படுத்தல் வாங்கி, பாடகர் குழுவில் பாடிவிட்டு, வயசுப் பையனாக இருக்கும்போதே பம்பாய்க்குப் போய்விட்டவன். அப்பா செத்த சேதி கேட்டுத் திரும்பி வந்தபோது அவள் ஸ்டெல்லா. நீலச் சேலை, பின்னிய சடை, அம்மாவைப் போலவே நெட்டை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்றாள். அப்படியே தங்கிவிட்டாள்.

திருநங்கை என்கிற சொல் அப்போது எங்கள் வாயில் இல்லை. வேறு சொற்கள் இருந்தன. அவற்றை நான் எழுதப்போவதில்லை.

முதல் தடவை அவள் கோயிலுக்கு வந்தது ஒரு திருவிருந்து ஞாயிறு. ரூத்தம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெண்கள் பக்கம் உட்கார வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். பிரசங்கம் யார் காதிலும் ஏறவில்லை. பெண்கள் முறை வந்து நான் கையைத் தூக்கும்போது செயலாளர் தேவசகாயம் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். பிடித்தால் இரும்பு.

"தாயி மட்டும் வரட்டும். அது வேண்டாம்" என்றார் காதோரம்.

'அது' என்றுதான் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆயரைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஸ்டெல்லாவே புரிந்துகொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ரூத்தம்மாவுக்குக் கையைக் காட்டினேன். அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் காட்டினேன்.

"என்ற புள்ளைக்கு எலை போடாத பந்தியில எனக்கு மட்டும் எதுக்குங்க தங்கராசு? நீங்க அடுத்த பெஞ்சை விடுங்க" என்றார். எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா வரவில்லை. ரூத்தம்மா வந்தார். ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார், பாடினார், காணிக்கை போட்டார். திருவிருந்து அன்று பெஞ்சு முழுக்க எழுந்து போகும். அவர் மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாசங்கள் போயின. கண்ணில் புரை விழுந்திருந்தது, உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. சாகிறதற்கு முன்னால் இந்த அம்மா ஒரு தடவையாவது பந்திக்கு வருவாரா என்பதுதான் எனக்குக் கவலை. ஆயருக்கும் அதுதான். ஒரு நாள் அங்கியை மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் கொடுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல தங்கராசு. கிடைக்கலைன்னு அழுதவங்க உண்டு. இப்பிடி உக்காந்து பாக்கறவங்க இல்ல."

கடைசியில் சபைக் கமிட்டி கூடியது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான். நான் டீ கொண்டுபோனேன், வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தேவசகாயம் எழுந்து நின்றே பேசினார். "கர்த்தர் ஆம்பளையைப் படைச்சாரு, பொம்பளையைப் படைச்சாரு. மூணாவதா ஒண்ணை நாம படைக்க முடியுங்களா? நாளைக்கு ரெண்டு பசங்க கையைக் கோத்துட்டு வந்து கல்யாணம் பண்ணி வைங்கன்னா என்ன பண்ணுவோம்?"

ஆயர் மெதுவாகச் சொன்னார்: "வேதத்துல வர்ற, வனாந்தர ரோட்டுல ரதத்துல போன மந்திரியைப் பத்தி ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக் குடுக்கறோம். தண்ணியைக் கண்ட இடத்துல எறங்கி ஞானஸ்நானம் வாங்கினவர். அவர் ஆம்பளைங்க கணக்குலயும் சேராதவர், பொம்பளைங்க கணக்குலயும் சேராதவர். அதைக் குழந்தைகளுக்குச் சொல்றதில்ல, அவ்வளவுதான்."

"அவரு ஞானஸ்நானம் வாங்கிட்டுச் சேலை கட்டிக்கிட்டாருன்னு எழுதியிருக்குதுங்களா?" என்றார் தேவசகாயம் உடனே.

மாதர் சங்கத் தலைவி கிரேஸ் டீச்சர் அதுவரை பேசவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் பேசினால் கமிட்டிக்காரர்களே நிமிர்ந்து உட்காருவார்கள். "மந்திரி கதையெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா. ஆணாப் பொறந்தவங்க எங்க பெஞ்சுல உக்கார முடியாது. அவ்வளவுதான் நான் சொல்றது."

"அப்ப எங்கதான் உக்கார வைக்கிறது?" என்று அலுத்துக்கொண்டார் ஆயர்.

"மணிக்கூண்டு காலியாத்தானுங்க இருக்குது" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் டம்ளருக்குள் இருமினார்.

தேவசகாயம்தான் வழி சொன்னார். ஸ்டீபனாக ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை ஸ்டீபனாகவே வரட்டும். வேட்டி சட்டை போட்டு ஆண்கள் பக்கம் உட்காரட்டும். திருவிருந்து எடுக்கட்டும். வீட்டில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, இறங்கி வந்துதான் சொன்னார். ஆயர் தலையாட்டினார். "சமாதானமா முடிஞ்சாச் சரி" என்றார். சேதி சொல்ல என்னை அனுப்பினார்கள்.

ரூத்தம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா தையல் மெஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்து முடித்தாள்.

"ஏனுங்கண்ணா, வேட்டி சபையிலயே குடுப்பாங்களா, நான் வாங்கோணுமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "கண்ணு, உனக்கு இஷ்டமில்லைன்னா நான் போய் அப்பிடியே சொல்லிப்போடறேன்."

"இஷ்டம் எங்கீங்க இருக்குது. பம்பாயில நான் தெனமும் ஜெபம் பண்ணினேன், சேலை கட்டிட்டுத்தான். ஆண்டவருக்கு என்னைத் தெரியும், சபைக்குத்தான் தெரியல." நூலைப் பல்லால் கடித்தாள். "அம்மா திருவிருந்து எடுக்கோணும். அதுக்குத்தான் சரிங்கறேன். அப்பா வேட்டி பொட்டியில இருக்குது. அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா விடமாட்டாங்க."

அடுத்த திருவிருந்து ஞாயிறு அன்று அவள் தனியாக, அம்மா உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வந்தாள். முழுக்கைச் சட்டை, அரக்குக் கரை வேட்டி, சடையைச் சுருட்டிக் காலருக்குள் விட்டிருந்தாள். வேட்டி கட்டுவது மறந்துபோயிருந்தது போல, நடக்கும்போது இடது கை கரையைப் பிடித்துக்கொண்டே வந்தது. ஆண்கள் பக்கம் தேவசகாயம் நகர்ந்து இடம் கொடுத்தார். தோளில் தட்டினார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். கெட்டுப்போன மகன் வீடு திரும்பியதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். ஸ்டெல்லா நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் பந்தி ஒவ்வொன்றாகப் போய் வந்தது. தேவசகாயத்தின் பெஞ்சுக்குக் கையைத் திருப்பினேன். எழுந்தார்கள். ஸ்டெல்லா நடைபாதையில் இறங்கி நடந்தாள். எதிர்ப்பக்கம் ரூத்தம்மா. புரை விழுந்த கண்ணுக்கு முகம் தெரிந்திருக்காது. ஆனால் வீட்டுக்காரர் வேட்டியின் கரை தெரிந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு நடக்கிற நடையும் தெரிந்துவிட்டது.

"ஸ்டெல்லா!"

பாடகர் குழு பாட்டின் நடுவில் நின்றுபோனது. ரூத்தம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். வீட்டில் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். பழைய பேரும் சொல்ல மாட்டார், புதுப் பேரும் வராது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பேர் அவர் வாயிலிருந்து வந்தது.

"அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை? இங்க வா கண்ணு. உன்ற எடம் இங்கிருக்குது."

ஸ்டெல்லா நடைபாதையின் நடுவில் நின்றாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தேவசகாயம் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். ஆயர் கிராதிக்கு அந்தப் பக்கம் அப்பத் தட்டோடு நின்றார். எல்லார் கண்ணும் என் கைமேல். ஆண்கள் பந்தி முடியாமல் பெண்கள் பக்கம் நான் கையைத் திருப்பியதே கிடையாது.

திருப்பினேன். ரூத்தம்மா பெஞ்சுக்கு நேராக, நன்றாகத் தெரிகிற மாதிரி.

ஸ்டெல்லா இந்தப் பக்கம் வந்தாள். பெஞ்சின் ஓரத்தில் வழியை அடைத்தபடி உட்கார்ந்திருந்தவர் கிரேஸ் டீச்சர். அவர் எழுந்து நின்றார்.

"நில்லு" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். டீச்சர் அவளை வேட்டியிலிருந்து தலைவரைக்கும் பார்த்தார்.

"தலையில என்ன? ஒண்ணையும் காணோம். முக்காடு போடாம எங்க பக்கத்துலேர்ந்து யாரும் பந்திக்குப் போனதில்ல."

எங்கள் பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையை மூடிக்கொண்டுதான் கிராதிக்குப் போவார்கள். மறந்து வருகிற பிள்ளைகளுக்காக டீச்சர் பையில் வெள்ளைத் துணி வைத்திருப்பார். அதை எடுத்து உதறினார். "குனி. இவ்வளவு ஒசரம் வளந்தா நான் எப்பிடிப் போடறது?" துணியைப் போட்டு, காலருக்குள் இருந்த சடையை வெளியே இழுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் செருகினார். "ம். இப்பப் போ. அம்மாவைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ, படி இருக்குது."

கீழே வேட்டி, மேலே முக்காடு. பின்னால் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். கிராதியில் ரூத்தம்மா நடுவில், ஒரு பக்கம் ஸ்டெல்லா, ஒரு பக்கம் கிரேஸ் டீச்சர். ஆயர் கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார், நீட்டிய கையை மட்டும்தான் பார்ப்பார். டீச்சர் கையில் வைத்தார், ரூத்தம்மா கையில் வைத்தார், ஸ்டெல்லா கையில் வைத்தார். ஒரே வார்த்தைகள், ஒரே சத்தம், நடுவில் ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. ரூத்தம்மா அப்பத்தை வாயில் போட்டு வெகு நேரம் மென்றார். நான் கையைத் தூக்கியபடியே நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. "தங்கராசு, அடுத்த பந்தி" என்று ஆயர் சொன்ன பிறகுதான் இறக்கினேன்.

ஆராதனை முடிந்ததும் தேவசகாயம் அறைக்கு வந்துவிட்டார்.

"நான் கையைக் காட்டினேன், பாத்தியா இல்லியா?"

"பாத்தேனுங்க."

"வேட்டி கட்டுனவனைப் பொம்பளைங்க பந்தியில விட்டிருக்கே. இதுதான் ஒழுங்கா?"

"முக்காடு போட்டிருந்தாங்களே. முக்காடு போட்டவங்க பெண்கள் பந்திங்க. எனக்குத் தெரிஞ்ச ஒழுங்கு அதுதானுங்க."

அங்கியைத் தலைக்கு மேலாகக் கழற்றிக்கொண்டிருந்த ஆயர் அதற்குள் இருந்தபடியே சிரித்துவிட்டார்.

"சிரிங்கய்யா" என்றார் தேவசகாயம். "நான் வேதத்துக்குப் பயந்தவன். என்னைக் கோமாளி ஆக்கிப்போடாதீங்க."

ஆயர் அங்கியிலிருந்து வெளியே வந்தார். சிரிப்பு போயிருந்தது. "உங்களை ஆக்கலீங்க. அந்தப் புள்ளையை ஆக்கினோம், நீங்களும் நானும் சேர்ந்து. வேஷம் போட்டுட்டு வந்தாக் குடுக்கறோம்னு சொன்னோம். வேஷம் போடாம வந்தப்ப இல்லைன்னோம். நான் தலையாட்டியிருக்கக் கூடாது."

தேவசகாயம் அறையை விட்டு வெளியே போனார். அவர் அந்த வருஷமே குடும்பத்தோடு வேறு சபைக்குப் போய்விட்டார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். ஆயர் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய்ப் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் காபி கிடைத்தது, ஆள் வரவில்லை. ஜெபராஜ், அவரை நான் கெட்டவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீ பேசும்போது அவர் குரல்தான் எனக்குக் கேட்கிறது. அது பயபக்தி உள்ள குரல். ஆனால் அந்தப் பயபக்தி ஒரு தாயை மாசக்கணக்கில் பட்டினி போட்டதையும் நான் படிக்குக் கீழே நின்று பார்த்தேன்.

எப்சி, உனக்கும் ஒன்று. கிரேஸ் டீச்சர் மனசு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அதே நாள் வாசலில் என்னைப் பிடித்துச் சொன்னார்: "நான் ஒத்துக்கிட்டேன்னு எங்கயும் போய்ச் சொல்லாதே தங்கராசு. எனக்கு இன்னும் புரியல. ஆனா அடுத்த மாசம் ஒழுங்காச் சேலை கட்டிட்டு வரச் சொல்லு. வேட்டியோட வந்தா எங்க பெஞ்சுல உக்கார விடமாட்டேன்." அவருக்குக் கடைசிவரை புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதர் சங்கத் தேர்தலில் அவருக்கு எதிராகச் சிலர் நின்றார்கள், அதுவும் நடந்தது. அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவதை நிறுத்தவில்லை.

உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். வேதம் படித்தவர்கள் அந்த அறையில் டீ ஆறும்வரை பேசியும் ஒருவர் மற்றவரை ஜெயிக்கவில்லை. நான் என் வேலையை வைத்துத்தான் சொல்ல முடியும். பந்தி ஆண்டவருடையது. கை மட்டும்தான் என்னுடையது. அந்தக் கையை அன்று மேலே திருப்பியதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. இன்றைக்கு நிற்க வைத்தாலும் அப்படித்தான் திருப்புவேன்.

அதற்கு அடுத்த திருவிருந்து ஞாயிறு. முதல் மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்தபோது அம்மாவும் மகளும் வந்தார்கள். ஸ்டெல்லா மஞ்சள் சேலையில். டீச்சர் ஏற்கனவே பெஞ்சில் இருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"முந்தானை தரையைக் கூட்டுது பாரு. பம்பாயில இப்பிடித்தான் கட்டுவாங்களா?"

"அங்க தரை சுத்தமா இருக்குமுங்க டீச்சர்" என்றாள் ஸ்டெல்லா.

ரூத்தம்மா சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். நான் மணியை அடித்தேன்.